முதுகலையில் எலெக்டிவ் எடுப்பது எப்படி? மும்பைத் தமிழ் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அட்மிஷன் அலைச்சல் முடிந்து, ஃபீஸ் கட்டி, அப்பாடா என்று உட்காரும் நேரத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் வரும். எலெக்டிவ் தாள்கள், அதாவது நாமே தெரிவு செய்துகொள்ளும் விருப்பத் தாள்கள், இரண்டோ மூன்றோ இருக்கும். ஒன்றை டிக் செய்து இன்று மாலைக்குள் அனுப்பச் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலோர் பக்கத்தில் இருப்பவரிடம் "நீ எதை எடுத்தே?" என்று கேட்டு அதையே எடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு டிக், மூன்றாவது செமஸ்டரில் எந்தத் தலைப்பில் புராஜெக்ட் செய்ய முடியும், எந்த ஆசிரியர் கைடாக வருவார், இன்டர்வியூவில் எதைப் பற்றிப் பேச முடியும் என்பது வரை போய் நிற்கும்.

மும்பையில் எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் வீட்டிலேயே முதன்முதலில் முதுகலைப் படி ஏறியவர்கள். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்ட் என்று எங்கிருந்து வந்தாலும், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கிக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு எலெக்டிவ் பற்றிக் கேட்க வீட்டில் ஆள் இருப்பதில்லை. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: செமஸ்டருக்கு ஒன்று என்று அவ்வப்போது எலெக்டிவ் எடுக்காதீர்கள். கடைசியில் செய்யப்போகும் புராஜெக்டிலிருந்து பின்னோக்கி வந்து, நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் திட்டம் போடுங்கள்.

படி 1: உங்கள் கையில் இருப்பது எவ்வளவு?

புதிய கல்விக் கொள்கையை ஒட்டி மகாராஷ்டிர அரசு 2023-ல் வகுத்த கட்டமைப்பில் இரண்டு வருட முதுகலைக்கு 88 கிரெடிட் (ஒரு பாடத்தின் எடையைக் காட்டும் அலகு), செமஸ்டருக்கு 22. முதல் மூன்று செமஸ்டரில் கட்டாயத் தாள்கள் 14 கிரெடிட் வீதமும், நான்காவதில் 12-ம் வரும். எலெக்டிவ் ஒவ்வொரு செமஸ்டரிலும் 4. இவை போக முதல் செமஸ்டரில் ரிசர்ச் மெத்தடாலஜி 4, இரண்டாவதில் ஓஜேடி எனப்படும் பணியிடப் பயிற்சி அல்லது களப்பணி 4, மூன்றாவதில் ஆய்வு புராஜெக்ட் 4, நான்காவதில் அதே புராஜெக்டுக்கு 6.

எலெக்டிவை மட்டும் கூட்டினால் 16 கிரெடிட். "88-ல் 16 தானே, எதை எடுத்தால் என்ன" என்று தோன்றும். ஆனால் ஓஜேடி எங்கே செய்வது, புராஜெக்ட் எதைப் பற்றி என்பதிலும் உங்கள் விருப்பத்துக்கு இடம் இருக்கிறது. அந்த 4-ஐயும் 10-ஐயும் சேர்த்தால் 30 ஆகிவிடும். பட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! இந்த முப்பதும் ஒரே திசையில் போனால், படித்து முடிக்கும்போது ஒரு துறையில் உருப்படியாகத் தெரிந்தவராக வெளியே வருவீர்கள். ஆளுக்கொரு திசையில் போனால் மார்க்ஷீட்டில் தாள் பெயர்கள் மட்டும்தான் மிஞ்சும்.

தன்னாட்சிக் கல்லூரிகளிலும் சட்டகம் இதுதான், தாள்கள் மட்டும் அவர்களே வகுத்தவை. எம்.எஸ்சி.யில் எலெக்டிவின் 4 கிரெடிட்டை எழுத்துத் தாள், செய்முறை என்று பிரிக்கும் துறைகளும் உண்டு.

படி 2: முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து, இரண்டு வருடம் கழித்து எங்கே இருக்க ஆசை என்று எழுதுங்கள். ஒரே பதில் வேண்டாம், இரண்டு எழுதுங்கள். முதலாவது நீங்கள் விரும்புவது. இரண்டாவது, வீட்டு நிலைமை காரணமாக உடனே சம்பளம் தேவைப்பட்டால் போகக்கூடிய வேலை. இரண்டுக்கும் பொதுவாக உதவும் எலெக்டிவ் கிடைத்தால் அதற்குத்தான் முதலிடம்.

கல்லூரி ஆசிரியர் வேலை உங்கள் கனவு என்றால் யுஜிசி நெட் அல்லது மகாராஷ்டிராவின் செட் தேர்வு எழுத வேண்டும். அந்தப் பாடத்திட்டத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். வணிகவியல் நெட் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள்: வணிகச் சூழலும் பன்னாட்டு வணிகமும், கணக்கியலும் தணிக்கையும், வணிகப் பொருளாதாரம், நிதி, புள்ளியியலும் ஆய்வு முறையும், மேலாண்மையும் மனிதவளமும், வங்கியும் நிதி நிறுவனங்களும், சந்தைப்படுத்தல், வணிகச் சட்டம், வருமான வரி. உங்கள் எம்.காம். கட்டாயத் தாள்கள் இவற்றில் எதையெல்லாம் தொடுகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குறி விழாத அலகுகளை எலெக்டிவால் நிரப்பலாம். கோச்சிங் கிளாஸுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதி இதிலேயே மிச்சமாகும். 2024 முதல் நெட் மதிப்பெண் பி.எச்டி. சேர்க்கைக்கும் பயன்படுவதால், ஆய்வுக்குப் போக நினைப்பவர்களுக்கும் இந்த வழி பொருந்தும்.

எம்.ஏ. பொருளாதாரத்தில் எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் வழியில் ஆராயும் பாடம்) என்றாலே ஓடுகிறவர்கள் அதிகம். கணக்கு வராது என்ற பயம்தான் காரணம். ஆனால் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வின் பொதுப் பொருளாதாரத் தாளிலேயே அது இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுப் பிரிவுக்கோ, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் நிதி நிறுவனங்களின் ஆய்வு வேலைகளுக்கோ போக நினைப்பவர் அதைத் தவிர்ப்பது தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்வதுதான். கணக்கு பயமென்றால் முதல் செமஸ்டரில் புள்ளியியல் சார்ந்த எலெக்டிவ் எடுத்துப் பழகிவிட்டு, பிறகு எக்கனாமெட்ரிக்ஸுக்குப் போங்கள். நான்கையும் சேர்த்துத் திட்டமிட்டால்தான் இப்படி வரிசைப்படுத்த முடியும்.

எம்.எஸ்சி. வேதியியல் மாணவர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானே–பேலாப்பூர் சாலையை ஒட்டிய எம்ஐடிசி தொழிற்பேட்டையில் மருந்து, ரசாயன நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் இருக்கின்றன. அங்கே முதல் கேள்வியே கலவையைப் பிரித்து ஆராயும் எச்பிஎல்சி, ஜிசி கருவிகளைத் தொட்டு வேலை செய்திருக்கிறீர்களா என்பதாக இருக்கும். பகுப்பாய்வு வேதியியல் எலெக்டிவ் எடுப்பதற்கு முன், அந்தக் கருவி உங்கள் கல்லூரியில் இருக்கிறதா, இருந்தால் இயங்குகிறதா, மாணவர்களைத் தொட விடுவார்களா என்று ஆய்வக உதவியாளரிடமே கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் அங்கே ஒன்றும் நடக்காது.

ஐ.டி. மாணவர்களுக்கு ஒரு வரி: மென்பொருளின் பெயரைத் தாங்கிய தாளைவிட அடிப்படையைச் சொல்லித்தரும் தாள் நீண்ட நாள் உதவும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்தக் கட்டமைப்பில் ஒரு வருடம் முடித்து 44 கிரெடிட்டோடு முதுகலை டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியேறவும் வழி உண்டு. வீட்டில் கடன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று படிப்பு பாதியில் நிற்கக்கூடிய நிலை இருந்தால், வேலைக்கு நேரடியாக உதவும் எலெக்டிவை முதல் வருடத்திலேயே போட்டுவிடுங்கள். ஆர்வத்துக்காக எடுப்பது இரண்டாம் வருடத்தில் இருக்கட்டும்.

படி 3: எந்தப் பாடம் உண்மையிலேயே நடக்கிறது?

சிலபஸில் ஐந்து எலெக்டிவ் அச்சாகியிருக்கும், கல்லூரியில் திறப்பது ஒன்றாக இருக்கும். போதுமான மாணவர்கள் சேர்ந்தால்தான் வகுப்பு நடத்துவோம் என்பார்கள், ஆசிரியர் இல்லை என்பார்கள். அதனால் இதை அட்மிஷனுக்கு முன்பே கேட்க வேண்டும். "போன வருஷம் மூணாவது செமஸ்டரில் எந்த எலெக்டிவ் நடந்தது?" என்று துறையில் நேராகக் கேளுங்கள். எது இருக்கிறது என்று கேட்டால் பட்டியலைக் காட்டுவார்கள், எது நடந்தது என்று கேட்டால்தான் பதில் வரும்.

மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலினா வளாகத் துறைகளில் தெரிவுகள் பொதுவாக அதிகம். இணைப்புக் கல்லூரிகளில் குறைவு. வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியா, அதிகத் தெரிவுள்ள துறையா என்று தடுமாறுகிறவர்கள் மெரிட் லிஸ்ட்டோடு இதையும் சேர்த்து எடை போட வேண்டும்.

நீங்கள் விரும்பும் தாள் பட்டியலில் இருந்தும் திறக்கவில்லை என்றால் தனியாகப் போய்க் கெஞ்சாதீர்கள். அதே தாளில் ஆர்வமுள்ள வகுப்புத் தோழர்களைச் சேர்த்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, துறைத் தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். படிவத்தின் கடைசி நாளுக்கு முன்பே கொடுக்க வேண்டும். டைம்டேபிள் போட்ட பிறகு வரும் கடிதத்தை வைத்து அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

படி 4: சிலபஸை வரி வரியாகப் படியுங்கள்

பாடத்தின் பெயரை நம்பி எடுப்பது தபால் உறையைப் பார்த்துக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது மாதிரி. மும்பைப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஒவ்வொரு பட்டத்துக்கும் சிலபஸ் பிடிஎஃப் கிடைக்கும். முதல் பக்கத்தில் கல்விப் பேரவை கூடிய தேதியும் ஐட்டம் எண்ணும் இருக்கும், எந்தக் கல்வியாண்டிலிருந்து அமல் என்றும் போட்டிருக்கும். அந்த ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். 2023-க்கு முந்தைய பழைய சிலபஸும் கூகுளில் மேலே வந்து நிற்கும். அதை வைத்து முடிவெடுத்தால் இல்லாத பாடத்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரித் தளத்தில்தான் தேட வேண்டும்.

பிறகு உங்கள் எலெக்டிவின் பக்கத்துக்குப் போங்கள். அலகுகளையும் அவற்றுக்கான மணி நேரத்தையும் பாருங்கள். 4 கிரெடிட் எழுத்துத் தாள் என்றால் ஏறக்குறைய 60 மணி நேர வகுப்பு. தலைப்பு "நிதிச் சந்தைகள்" என்று இருக்கும், உள்ளே பாதி நேரம் இளங்கலையில் படித்த வங்கி வரலாறாகவே இருக்கலாம். அப்படியென்றால் உங்களுக்குப் புதிதாகக் கிடைப்பது முப்பது மணி நேரம்தான். தலைப்பு சாதாரணமாக இருந்து, உள்ளே தரவுகளை வைத்துச் செய்யும் பயிற்சி நிறைய இருந்தால் அது நல்ல தாள்.

அடுத்து இன்டர்னலுக்கு எவ்வளவு, எழுத்துத் தேர்வுக்கு எவ்வளவு என்று பாருங்கள். இன்டர்னல் செமினாரா, அசைன்மென்டா, களப்பணி அறிக்கையா? ஆங்கிலத்தில் எழுதுவதைவிடப் பேச வரும் என்பவருக்கு செமினார் நல்லது. மேடை பயம் உள்ளவருக்கு அறிக்கை நல்லது. பயத்தைப் போக்கிக்கொள்ளத்தான் செமினார் உள்ள தாளை எடுப்பேன் என்று ஒரு மாணவி சொன்னால், அந்த முடிவுக்கு என் முழு ஆதரவு உண்டு.

கடைசியாகப் புத்தகப் பட்டியல். அதில் ஒரு புத்தகத்தைக் கல்லூரி நூலகத்தில் எடுத்து, நடுவில் ஏதாவது ஓர் அத்தியாயத்தைத் திறந்து பத்துப் பக்கம் படியுங்கள். முழுக்கப் புரிய வேண்டியதில்லை. மேலே தெரிந்துகொள்ளத் தோன்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றாம் பக்கத்திலேயே மூடத் தோன்றினால் நான்கு மாதம் அதோடு ஓட்டுவது கஷ்டம்.

படி 5: மார்க் பயத்தைக் கணக்குப் போட்டுத் தீருங்கள்

"அந்தப் பேப்பர் ஸ்கோரிங்" என்ற ஒரே காரணத்துக்காக எடுப்பவர்கள்தான் அதிகம். அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பார்த்துவிடலாம். பத்துப் புள்ளி முறையில் ஒரு கிரேடு குறைந்தால் ஒரு புள்ளி போகும். 4 கிரெடிட் தாளில் ஒரு கிரேடு குறைந்தால் இழப்பு 4 புள்ளி. அதை அந்த செமஸ்டரின் 22 கிரெடிட்டால் வகுத்தால் அந்த செமஸ்டரின் சராசரியான எஸ்ஜிபிஏவில் 0.18 குறையும். மொத்தப் பட்டத்தின் 88-ஆல் வகுத்தால் மொத்தச் சராசரியான சிஜிபிஏவில் 0.05-கூட முழுதாக வராது. நான்கு எலெக்டிவிலும் ஒவ்வொரு கிரேடு குறைந்தாலும் கடைசி சிஜிபிஏவில் போவது 0.18 மட்டும்.

7.9 வாங்கினாலும் 7.72 வாங்கினாலும் வேலை கொடுப்பவர் கண்ணில் பெரிய வித்தியாசம் இருக்காது. கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா என்பதைத்தான் பார்ப்பார். ஆனால் நெட் தேர்வுக்குத் தேவையான 55 சதவீதம் போன்ற எல்லைக்கோட்டின் மேலேயே நிற்பவர்கள் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினப் பிரிவினருக்கு அந்தக் கோடு 50. பெயிலாகும் அபாயமும் வேறு விஷயம். ஏடிகேடி (பெயிலான தாளைப் பாக்கி வைத்துக்கொண்டு மேலே போவது) விழுந்தால் அடுத்த செமஸ்டரின் சுமையோடு இதையும் தூக்க வேண்டும். ஒரே செமஸ்டரில் கட்டாயத் தாள்களே கடினமாக இருந்தால், கடினமான எலெக்டிவை வேறு செமஸ்டருக்குத் தள்ளுங்கள்.

படி 6: சீனியரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"அக்கா, அந்தப் பேப்பர் ஈஸியா?" என்று கேட்டால் அவர்கள் வாங்கிய மார்க்கைப் பொறுத்துப் பதில் வரும். வேறு மாதிரிக் கேளுங்கள். வகுப்பு ஒழுங்காக நடந்ததா? எந்த மாதம் தொடங்கியது? இன்டர்னலுக்கு என்ன செய்யச் சொன்னார்கள்? கேள்வித்தாள் சிலபஸை ஒட்டி வந்ததா? நோட்ஸை டிக்டேட் செய்தாரா, விவாதிக்க விட்டாரா?

வகுப்பு எந்த மாதம் தொடங்கியது என்பதைக் காரணத்தோடுதான் கேட்கச் சொல்கிறேன். பல கல்லூரிகளில் எலெக்டிவ் வகுப்பு நடத்துவது சிஎச்பி ஆசிரியர்கள், அதாவது மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள். அவர்களின் நியமனம் தாமதமானால் வகுப்பும் தாமதமாகும். அவர்களிடம் குறை இல்லை, துடிப்போடு சொல்லித்தருபவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆனால் அடுத்த வருடம் அவர் அங்கே இல்லாமல் போனால் உங்கள் புராஜெக்டுக்கு யார் கைடு? மூன்றாம் செமஸ்டர் எலெக்டிவை எடுக்கும்போது, நிரந்தர ஆசிரியர் ஒருவருக்காவது அந்தத் துறையில் ஈடுபாடு உண்டா என்று பாருங்கள்.

படி 7: எலெக்டிவை ஓஜேடியோடும் புராஜெக்டோடும் முடிச்சுப் போடுங்கள்

நம் பிள்ளைகள் தங்கள் கையில் இருக்கும் பெரிய பலத்தைக் கவனிக்காமல் விடுவது இங்கேதான்.

எம்.ஏ. சமூகவியல் படிக்கும் மாணவி ஒருத்தி தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தங்கிய குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை அங்கே இருக்கிறது. மறுவளர்ச்சித் திட்டத்தில் யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்பது அந்த வீடுகளில் தினசரிப் பேச்சு. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், பாட்டிமார் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார்கள். இவள் போனால் "யாரு மக்கா நீ, எந்தச் சந்து?" என்று கேட்டு டீ போட்டுக் கொடுத்து மணிக்கணக்கில் சொல்வார்கள். நகரச் சமூகவியல் எலெக்டிவ், களப்பணி, புராஜெக்ட் மூன்றையும் இவள் ஒரே கோட்டில் வைத்தால், வகுப்பில் வேறு யாராலும் எழுத முடியாத ஆய்வு ஒன்று உருவாகும். தமிழும் மராத்தியும் இந்தியும் தெரிந்தவள் என்பது இங்கே பெரிய தகுதி. அதைச் சொல்லிக்கொள்ள அவள் கூச்சப்படவே கூடாது.

எம்.காம்.காரர்களுக்கும் இப்படி வழி உண்டு. வரி சார்ந்த எலெக்டிவ் எடுத்தால், ஓஜேடியைக் கோட்டை பகுதியிலோ உங்கள் பேட்டையிலோ இருக்கும் சி.ஏ. அலுவலகத்தில் செய்யலாம். தாராவியின் சிறு தோல் பொருள் தயாரிப்பாளர்கள் ஜிஎஸ்டி கணக்கு வைப்பதில் படும் பாட்டை அங்கேயே நேரில் பார்க்கலாம். அதுவே புராஜெக்ட் தலைப்பாகும். ஓஜேடிக்குக் கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் வீதம் 120 மணி நேரம் ஆகும். அதை எங்கோ ஒரு சான்றிதழுக்காகக் கழிப்பதும், எலெக்டிவில் படித்ததைக் கையால் செய்து பார்ப்பதும் ஒன்றில்லை.

செய்முறை இதுதான். முதல் செமஸ்டர் முடிவதற்குள் புராஜெக்டுக்கு மூன்று உத்தேசத் தலைப்புகள் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த எலெக்டிவ் அடித்தளம், எங்கே ஓஜேடி, யார் கைடு என்று பக்கத்தில் குறியுங்கள். எந்தத் தலைப்புக்கு மூன்றும் நிரம்புகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடலாம்.

படி 8: நேரமும் ரயிலும்

டோம்பிவிலியிலோ கல்யாணிலோ இருந்து குர்லா வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துக் கலினா போகிறவருக்கு மாலைக் கடைசி வகுப்பு என்பது ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிவிடும் விஷயம். எலெக்டிவ் வகுப்பை நாளின் கடைசியிலோ சனிக்கிழமையிலோ போடும் கல்லூரிகள் உண்டு. பகுதி நேர வேலை செய்பவர்கள் படிவம் கொடுக்கும் முன்பே போன வருட டைம்டேபிளை வாங்கிப் பாருங்கள். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுதவே சிக்கல் வரும்.

படி 9: விரும்பிய பாடம் கிடைக்கவே இல்லையென்றால்

மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பாடங்கள் தொடங்கும். சேர்வது இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிப் படிக்க யுஜிசியின் 2021 விதி இடம் தருகிறது. ஆனால் உங்கள் கல்லூரி ஒப்புக்கொண்டால்தான் அது கிரெடிட்டாக மாறும். எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், எந்தத் தாளுக்குப் பதில் என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். படித்து முடித்துச் சான்றிதழோடு போய் நின்றால் ஏற்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

கிரெடிட் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அறிவு வேண்டும் என்பவர்கள் அனுமதிக்காகக் காத்திருக்காமல் சேரலாம். ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் கடினமான கருத்தை முதலில் தமிழில் பிடித்துக்கொண்டு பிறகு ஆங்கிலப் புத்தகத்துக்குப் போனால் வேகம் கூடும்.

படி 10: படிவம் கொடுத்த பிறகு

நிரப்பிய படிவத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காகிதப் படிவம் என்றால் அலுவலக முத்திரையோடு ஒரு நகல் கேளுங்கள். மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் எது என்று அன்றே கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கு முன் நடக்கும் வகுப்புகள் எல்லாவற்றிலும் உட்காருங்கள். ஒத்துவராது என்று தெரிந்தால் அந்தத் தேதிக்குள் எழுத்தில் மாற்றம் கேளுங்கள்.

தேர்வுப் படிவம் வரும்போது எலெக்டிவின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் ஒரு முறைக்கு இரு முறை சரிபாருங்கள். எண் மாறிப் பதிவானால் ஹால் டிக்கெட்டில் வேறு தாள் வந்து நிற்கும், அதைச் சரிசெய்ய அலுவலக ஜன்னல்களில் அலைய வேண்டிவரும். ரிசல்ட் வந்த பின் டிஜிலாக்கர் வழியாக உங்கள் ஏபிசி கணக்கை (வாங்கிய கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கு) திறந்து, எலெக்டிவின் 4 கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அந்த செமஸ்டரிலேயே கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்கு மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.